தட்டிப் பார்த்தவன்

எதைக் கையில் எடுத்தாலும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவனுக்கு மறுவேலை. டீ கொடுத்தால் தம்ளரைத் தட்டுவான். தவிட்டு டிரம்மைத் தட்டுவான். தண்ணீர்த் தொட்டி, கொட்டகைத் தூண், தேங்காய், கேஸ் சிலிண்டர், எதுவும் தப்பாது. விரலை மடக்கி முட்டியால் ஒரு தட்டு. தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பான். என் வீட்டுக்காரரின் வழுக்கைத் தலையை மட்டும்தான் விட்டுவைத்தான். அதையும் அவன் ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு நின்றதை நான் கவனித்திருக்கிறேன்.

அவன் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவன் மனைவி இப்போதும் விருத்தாசலத்தில் அதே தெருவில்தான் இருக்கிறாள். அவள் பட்டது போதும்.

தட்டுகிற பழக்கம் தொழிலில் வந்தது. எங்கள் ஊரில் பீங்கான் கம்பெனிகள் இருக்கின்றன. கப், ஊறுகாய் ஜாடி, கொலு பொம்மை, கரண்டுக்குப் போடுகிற பீஸ் கட்டை என்று ஆளுக்கு ஒன்று செய்வார்கள். சூளையிலிருந்து இறங்குகிற சாமான்களில் நல்லது எது, விரிசல் எது என்று பிரிக்கிற இடத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். வலது கையால் ஒரு தட்டு. கணீரென்று கேட்டால் அட்டைப்பெட்டிக்குப் போகும். சொத்தென்று கேட்டால் உள்ளே எங்கோ விரிசல் இருக்கிறது என்று அர்த்தம். அது வெளியே குவித்து வைத்திருக்கும் ஓட்டுக் குப்பையில் போய் விழும். பார்க்க இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும்.

“கண்ணு பொய் சொல்லும்க்கா. காது சொல்லாது” என்பான். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை தெரியும். அவனிடம் பெருமைப்பட வேறு எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

எனக்குப் பெண்ணாடம் ரோட்டில் ஒரு கொட்டகை. ஏழெட்டுக் கறவை மாடுகள். ஒருநாள் காலை பால் கேன்களை ஏற்றி அனுப்பிவிட்டுச் சாணி வழித்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு ஆள் வந்து நின்றான். முப்பத்தைந்து, நாற்பது வயது இருக்கும். புருவத்திலும் இமையிலும் வெள்ளையாக மாவு அப்பியிருந்தது. கோலமாவு டப்பாவுக்குள் விழுந்து எழுந்து வந்தவன் மாதிரி இருந்தான்.

“அக்கா, இங்க அரை நாள் வேலை எதாச்சும் கெடைக்குங்களா?”

“அரை நாளுக்கு ஆள் வெச்சுக்கிட்டு நான் என்னப்பா பண்றது? மாடு என்ன அரை நாளா சாணி போடுது?”

“காலையில மட்டும்க்கா. அப்பறம் எனக்குக் கம்பெனி இருக்குது. கூலி நீங்களாப் பாத்து எது குடுத்தாலும் சரிங்க. எனக்கு மாட்டை வெச்சுப் பழகணும்.”

“முன்ன மாடு கீடு வெச்சிருந்தியா?”

“இல்லீங்க.”

“உங்கப்பா?”

“அவரும் கம்பெனிதாங்க.”

“மாட்டைத் தொட்டாவது பாத்திருக்கியா நீ?”

யோசித்தான். “மாட்டுப் பொங்கலுக்குத் தெருவுல ஓட்டிக்கிட்டு வருவாங்க. தொட்டுக் கும்புட்டிருக்கேங்க” என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை. எனக்கு முன்னால் நாலு இடத்தில் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறான். எங்கள் ஜில்லாவிலேயே இருக்கிற மங்களூரில் ஒரு பண்ணையில், வந்தால் முழு நாள் வா, இல்லாவிட்டால் நடையைக் கட்டு என்று சொல்லிவிட்டார்களாம். இன்னொரு இடத்தில் அவன் இருமுவதைக் கேட்டதும் உள்ளேயே விடவில்லையாம். இதையெல்லாம் ஒளிக்காமல் சொன்னான். சாமான் பிரிக்கிற இடத்துக்கு வருவதற்கு முன்பு பல வருஷம் கல்லை மாவாக அரைக்கிற மிஷினில் இருந்திருக்கிறான். அந்த மாவு நெஞ்சில் போய்த் தங்கிவிட்டது.

“டாக்டரு தூசியில நிக்கவே கூடாதுன்னுட்டாருக்கா. மண்ணை வுட்டுட்டா எனக்கு மாடுதான். ஆனா ஒண்ணும் தெரியாம மாட்டை வாங்கிக் கட்டக் கூடாது இல்லீங்களா? கத்துக்கிட்டுத்தான் வாங்கணும்.”

அந்தக் கடைசிப் பேச்சுக்காகத்தான் அவனைச் சேர்த்துக்கொண்டேன். ஆசைப்பட்டு மாட்டைக் கட்டிவிட்டு, பிறகு என்னிடம் ஓடி வந்து, ஏன் படுத்துக்கிச்சு, ஏன் தின்ன மாட்டேங்குது என்று கேட்கிறவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவள் நான். கற்றுக்கொண்டு வாங்குகிறேன் என்று சொன்ன முதல் ஆள் அவன்தான். ஒரு மாடு, அப்புறம் அதன் கன்று, அப்புறம் இன்னொன்று. நெஞ்சு முழுசாக அடைத்துக்கொள்வதற்குள் கம்பெனியை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். அவன் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

மாடுகளுக்கு அவனைக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. மண்ணும் நெருப்பும் தின்ற கை. உள்ளங்கை அரம் மாதிரி இருக்கும். மடியில் கை வைத்ததும் உதை விழும். முதல் வாரம் அவன் வாங்காத உதை இல்லை. விளக்கெண்ணெய் கொடுத்துத் தினமும் தடவச் சொன்னேன். தடவினான். வைக்கோல் உதறினால் இருமல் வந்துவிடும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு உதறினான். உட்கார்ந்து மூச்சு வாங்குவான். போய்ப் படுடா என்றால், “இதோக்கா, ஆச்சுக்கா” என்று எழுந்துவிடுவான். பிடிவாதக்காரன். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது.

மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டான். மூக்கு ஈரமாக இருக்கிறதா, அசை போடுகிறதா, சாணி இளகலா இறுகலா, காது சூடா என்று பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். அத்தனையும் பார்த்தான். பார்த்து முடித்த பிறகு, கடைசியில் மாட்டின் வயிற்றை ஒரு தட்டுத் தட்டுவான்.

“என்னக்கா, சத்தமே வரமாட்டேங்குது. சொத்துன்னு கெடக்குது.”

“அது மாடுப்பா. உங்க கம்பெனி கப்பா அது, கணீர்னு கேக்க?”

கொட்டகையில் எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆனாலும் தட்டுவதை நிறுத்தவில்லை. கையோடு பிறந்தது மாதிரி ஆகிவிட்ட பழக்கத்தை யார் என்ன செய்ய முடியும்? சில நாள் தன் நெஞ்சையே முட்டியால் தட்டிக் காட்டுவான். “பாத்தீங்களாக்கா, இன்னும் கணீர்னுதான் இருக்குது. டாக்டரு சும்மா பயமுறுத்துறாரு” என்பான்.

அவன் பெண் பார்க்கப் போன கதையை அவன் மனைவி செல்விதான் எனக்குச் சொன்னாள். ஸ்ரீமுஷ்ணம் பக்கம் ஒரு கிராமம் அவளுக்கு. மாப்பிள்ளை பீங்கான் கம்பெனி என்று, பக்கத்து வீட்டிலிருந்து பூப்போட்ட பீங்கான் கப் இரவல் வாங்கிக் காபி கொடுத்திருக்கிறார்கள். இவன் கப்பை வாங்கியதும், பெண்ணை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல், டொக்கென்று ஒரு தட்டு. “இது விரிசல் வுட்டிருக்குதுங்க” என்றானாம். அவள் அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. சபையில் குறை சொல்கிற ஆளுக்கு எப்படிப் பெண்ணைக் கொடுப்பது என்று ஒரே பேச்சு. அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கப்பின் அடி கழன்று காபி அவன் வேட்டியில் கொட்டியது. “அதைப் பாத்துட்டுத்தான் எங்கப்பா ஒத்துக்கிட்டாருக்கா. சொன்னா சரியா இருக்கும்னு” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள் செல்வி. அவள் சிரித்து நான் பார்த்தது அந்தக் காலத்தில்தான்.

ஒரு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட என் கொட்டகைக்கு வந்து போனான். மாடு வாங்க அவளுடைய ஊர்ப் பக்கமே போனோம். நல்ல சிவப்பு, கலப்பு மாடு, தலைச்சன் ஈன்று மறுபடி சினையாக இருந்தது. நான் பல்லைப் பார்த்தேன், மடியைப் பார்த்தேன், நடக்கவிட்டுப் பார்த்தேன். எனக்குத் திருப்தி. அவன் கொம்பைத் தட்டினான், குளம்பைத் தட்டினான், கடைசியில் வயிற்றைத் தட்டிவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

“என்னப்பா?”

“எல்லாம் சரியாத்தான் இருக்குது. சத்தந்தான்க்கா அடைச்சாப்ல இருக்குது.”

மாட்டுக்காரர் இவனை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். நான் அதட்டி வண்டியில் ஏற்றினேன். செவலை என்று பெயர் வைத்தார்கள். வீட்டை ஒட்டி ஒரு கீற்றுக் கொட்டகை போட்டான். கம்பெனிக்குப் போகிறவர்களே வசிக்கிற தெரு. மாடு என்று அந்தத் தெருவுக்குச் சொந்தமாக வந்தது அதுதான் முதல். சின்னப் பிள்ளைகளிலிருந்து எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

செவலையை அவன் வைத்துக்கொண்ட அழகைச் சொல்ல வேண்டும். கரும்பு வெட்டுகிற வயல்களுக்குப் போய்த் தோகை கட்டிக்கொண்டு வருவான். கொட்டகையில் ஈரம் நிற்க விடமாட்டான். இன்னும் மூன்று மாதத்தில் கன்று போட்டுவிடும், பால் வந்ததும் கம்பெனிக்குப் போவதில்லை என்று அங்கே சொல்லியும்விட்டான். தினமும் எனக்கு ஒரு போன் வரும். மூக்கு ஈரம், சாணி நல்லா இருக்குது, அசை போடுது. “சத்தந்தான்க்கா இன்னும் தெளியல” என்று முடிப்பான். எனக்கு அது பழகிப்போன பாட்டு. ம் கொட்டிவிட்டு வைத்துவிடுவேன்.

பொங்கல் வந்தது. மாட்டுப் பொங்கலுக்கு முதல்நாளே அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். “ஆசையில பொங்கலை அள்ளிக் குடுத்துடாத. அரிசிச் சோறு மாட்டு வயித்துல புளிச்சுப் பொங்கிடும். கும்புட்டுட்டு ஒரே ஒரு உருண்டை. அதுக்கு மேல கூடாது.”

“ஒரு உருண்டைதாங்க. சரிங்க்கா.”

சொன்னபடிதான் செய்தான். அதுதான் கொடுமை. செவலையைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடித்து, கழுத்தில் பூமாலையும் நெட்டி மாலையும் கட்டி நிறுத்தியிருக்கிறான். தெருவே திரண்டு வந்திருக்கிறது. இத்தனை வருஷம் வேறு தெரு மாட்டைத் தேடிப் போய்க் கும்பிட்டவர்கள். இப்போது தங்கள் தெரு மாடு. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வெண்கலப் பானையும் பாத்திரமுமாக வந்தார்கள். அவன் வாசலில் நின்றுகொண்டு, “ஒரு வூட்டுக்கு ஒரு உருண்டைதான், அக்கா சொல்லியிருக்காங்க” என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறான். யாரையும் இரண்டாவது உருண்டை கொடுக்க விடவில்லை. கம்பெனியில் வேலை பார்க்கிறவனுக்கு ஆளுக்கு இவ்வளவு என்றால்தான் அளவு. வயிறு ஒன்றுதான் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. ஒரு தெருவின் சர்க்கரைப் பொங்கல் முழுக்க அந்த ஒரு வயிற்றுக்குள் போனது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு போன் வந்தது. நான் என் மாடுகளுக்குச் சூடம் காட்டிக்கொண்டிருந்தேன். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

“அக்கா, சத்தம் தெளிஞ்சிருச்சுக்கா!”

“என்னப்பா சொல்ற?”

“செவலைக்குத்தான்க்கா. கொஞ்சம் அசந்தாப்ல நிக்குது, அசை போடல. ஜனம் கூடினதுல மெரண்டிருக்கும்னு நெனைக்கிறேன். ஆனா வயித்தைத் தட்டிப் பாத்தேன், அப்படியே கணீர்னு இருக்குது. வந்த நாளா இல்லாத சத்தம்க்கா. இருங்க, கேளுங்க.”

போனை மாட்டின் வயிற்றில் வைத்துத் தட்டினான்.

கேட்டேன். தோலை இழுத்துக் கட்டிய மேளத்தைத் தட்டுவது போல ஒரு சத்தம். மாடு வைத்திருக்கிற யாருக்கும் அந்தச் சத்தம் தெரியும். வயிறு முழுக்கக் காற்று ஏறி, வெளியே போக வழியில்லாமல் மூச்சை அடைக்கிறபோது வருகிற சத்தம் அது.

“எண்ணெய் ஊத்துடா!” என்று கத்தினேன். “கடலையெண்ணெயோ நல்லெண்ணெயோ, வூட்டுல இருக்கறதை வாயில ஊத்து. முன்னங்காலை மேடான எடத்துல ஏத்தி நிறுத்து. வாயில குறுக்கால கட்டையைக் கட்டு. படுக்க வுட்றாத. நான் வரேன்.”

“ஏன்க்கா?” என்றான். அவனுக்குப் புரியவில்லை. “நல்லாத்தானக்கா சத்தம் வருது?”

கால்நடை டாக்டருக்குப் போன் போட்டேன். பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தவர், உடனே கிளம்புகிறேன் என்றார். என் வீட்டுக்காரர் வண்டியை எடுத்தார். ஜங்ஷன் பக்கம் ரயில்வே கேட்டை மூடியிருந்தார்கள். கூட்ஸ் வண்டி ஊர்ந்து ஊர்ந்து போனது. அந்த ரயிலை நான் திட்டாத திட்டில்லை.

போய்ச் சேர்ந்தபோது செவலை சாய்ந்துவிட்டிருந்தது. இடது பக்கம் வயிறு முதுகுக்கு மேலே ஏறி நின்றது. கண் மேலே செருகியிருந்தது. வாயில் கட்டை, மோவாயெல்லாம் எண்ணெய். கொம்பில் அடித்த வர்ணம் காயவில்லை, தரையில் நீலமாக ஒட்டியிருந்தது. தெருக்காரர்கள் பாத்திரங்களோடு சுற்றி நின்றார்கள். தாங்கள் என்ன செய்தோம் என்று தெரியாமல் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு எழுந்து கை கழுவத் தண்ணீர் கேட்டார். வயிற்றில் இருந்த கன்றும் போய்விட்டது.

அவன் அழவில்லை. செவலையின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஊதின வயிற்றை மறுபடி ஒருமுறை தட்டினான். கணீரென்றுதான் கேட்டது. கையைப் பின்னால் இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் எதையும் தட்டி நான் பார்க்கவில்லை.

மறுபடி கம்பெனிக்குத்தான் போனான். வேறு எங்கே போவான்? நின்றுவிடப்போகிறான் என்று சாமான் பிரிக்கிற இடத்தில் அதற்குள் வேறு ஆளைப் போட்டிருந்தார்கள். காலியாக இருந்தது கல் அரைக்கிற மிஷின்தான். அங்கே நின்றான். வேண்டாம்ப்பா, என்னிடமே இருந்துவிடு என்று சொல்லிப் பார்த்தேன். “மாட்டு மூஞ்சியைப் பாக்க முடியலக்கா” என்றான்.

ஒரே ஒரு தடவை கொட்டகைக்கு வந்தான். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் சாய்ந்து நின்றுகொண்டு வெகுநேரம் மாடுகளைப் பார்த்தான். இருமல் ஒரு பேச்சுக்கு ஒரு தடவை வந்துகொண்டிருந்தது.

“அப்ப மாட்டுக்கு எந்தச் சத்தம்தான்க்கா நல்லது?”

என்னிடம் வெகுநாளாக இருக்கிற ஒரு மாட்டின் பக்கம் அழைத்துப்போய் வயிற்றைத் தட்டிக் காட்டினேன். “இந்தா, இதுதான். மண் மூட்டையத் தட்டுனாப்ல மந்தமா கேக்கணும். உள்ள நெறைஞ்சு இருக்குதுன்னு அர்த்தம். கணீர்னா உள்ள வெறும் காத்து.”

“மந்தமா கேட்டா நல்லது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கையை நீட்டவில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் நின்றான்.

அடுத்த மழைக்கு முன்னால் படுத்துவிட்டான். பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் செல்வி சொன்னாள். பஸ்ஸில் போனேன். வார்டுக்கு வெளியே ஒரு சின்ன வயசு டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. நுரையீரல் கல்லு மாதிரி இறுகிப்போச்சு, ஒரு பக்கம் நீரும் கோத்திருக்குது, எடுக்க எடுக்க ஊறுது, வூட்டுக்குக் கூட்டிட்டுப் போறதா இருந்தாலும் போங்கம்மா என்றார். செல்வி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். எதற்கு ஆட்டினாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

உள்ளே அவன் கட்டிலில் தலையணைகளைச் சாத்தி உட்கார்ந்திருந்தான். படுத்தால் மூச்சு வரவில்லையாம். என்னைப் பார்த்ததும், “மாடெல்லாம் நல்லா இருக்குதுங்களாக்கா?” என்றான். நல்லா இருக்குதுப்பா என்றேன்.

டாக்டர் வந்து அவனை முன்னால் குனியச் சொன்னார். முதுகில் ஒரு விரலைப் படுக்க வைத்து, அதன் மேல் இன்னொரு கை விரலால் தட்டினார். ஒவ்வொரு இடமாக, மேலிருந்து கீழே. ஒரு ஆளை அப்படித் தட்டுவதை நான் பார்த்ததில்லை. அவனும் பார்த்திருக்க மாட்டான். தட்டுகிற சத்தம் கேட்டதும் அவன் முகம் மாறியது. எத்தனையோ மாதமாகக் காணாத முகம். தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டான். நீர் கோத்திருந்த பக்கம் தட்டும்போது மண் மூட்டையைத் தட்டியது போல மந்தமாகக் கேட்டது.

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். அவன் என்னைப் பார்த்தான். கண் பளபளவென்று இருந்தது.

“கேட்டீங்களாக்கா? மந்தமா இருக்குது. உள்ள நெறைஞ்சிருக்குது. நல்ல சத்தம்தானே?”

செல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

“நல்ல சத்தம்தாம்ப்பா” என்றேன்.

“அப்ப தை பொறந்ததும் எனக்கு ஒரு மாடு பாருங்க. சினை மாடாப் பாருங்க. இந்த வாட்டி தெருவுல ஒருத்தரையும் கிட்டக்க வுடமாட்டேன்.”

“பாக்கறேன்” என்றேன்.